ஊருக்குப் பேர் மாம்பழம், பேட்டைக்குச் சோறு புளி

கிருஷ்ணகிரி என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே மாம்பழத்தைத்தான் விசாரிப்பார்கள். அதில் தப்பில்லை. அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கிற ஊர் இது. பெங்களூரா, செந்தூரா, பீத்தர், மல்கோவா என்று தட்டுத் தட்டாக அடுக்கிவைத்து, ராட்டினம் போட்டு, மேடை கட்டி, மந்திரிகள் வந்துபோகிற விழா. ஊரைச் சுற்றி மாங்கூழ் கம்பெனிகள், சீசனில் அவற்றின் வாசலில் பெங்களூரா ஏற்றிய வண்டிகள். எல்லாம் உண்மைதான். ஆனால் மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் பழையபேட்டைக்குள் வந்து மாம்பழம் கேட்டுப் பாருங்கள். “ரவுண்டானா பக்கம் போங்க” என்று கையைக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். தை கடைசியிலிருந்து சித்திரை வரைக்கும் பேட்டைக்குள் காலெடுத்து வைத்தாலே நாக்கில் எச்சில் ஊறும். அது புளி வாசனை.

மாம்பழத்துக்கு வளைவு வைக்கிறார்கள், புளிக்கு ஒரு போர்டுகூடக் கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் இதே பேட்டையில் பிறந்து, நாலு தெரு தள்ளி வாக்கப்பட்டவள். தொழில், போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஏஜென்ட். ஆர்.டி. என்றால் மாசா மாசம் ஒரே தொகையைக் கட்டிவருகிற சேமிப்புக் கணக்கு. மகிளா பிரதான் என்று 1972-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் வருகிற வேலை. பெண்களை மட்டும்தான் முகவராகப் போடுவார்கள். வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கி, அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, லிஸ்ட் தயார் பண்ணிப் போஸ்ட் ஆபீஸில் கட்ட வேண்டும். வசூலில் நூற்றுக்கு நாலு ரூபாய் கமிஷன். எனக்கு முன்னால் என் மாமியார் பார்த்த வேலை இது. அவர் காலத்தில் மாசம் பத்து ரூபாய்க்குக்கூடக் கணக்கு ஆரம்பிக்கலாம். இப்போது குறைந்தது நூறு.

மாசா மாசம் வாசலில் போய் நிற்கிறவளுக்கு அந்த வீட்டுச் சேதி தெரியாமல் போகாது. எந்த வீட்டு வளையல் அடகில் இருக்கிறது, எந்த வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை, எல்லாம் தெரியும். எழுதக்கூடாததை எழுத மாட்டேன், பேரும் போட மாட்டேன். பேட்டைக்காரர்கள் எப்படியும் மோப்பம் பிடிப்பார்கள் என்பதால் சில வீடுகளைத் தெரு மாற்றி வைத்திருக்கிறேன்.

பேட்டைக்குப் பின்னால் கோட்டை மலை. சையத் பாஷா மலை என்று சொல்வோம். எந்தச் சந்தில் நின்று நிமிர்ந்தாலும் தலைக்கு மேல் அந்தப் பாறைதான். படியேறிப் போனால் மதில்கள், சுனை, உச்சியில் தர்கா. பாராமகால் என்று சொல்கிற பன்னிரண்டு கோட்டைகளில் இது ஒன்று. விஜயநகரத்து ஜெகதேவராயர் கையில் இருந்து, அப்புறம் ஹைதர் அலி, திப்பு என்று போனது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்கிற வெள்ளைக்காரத் தளபதி படையோடு வந்து பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டான். மேல்கோட்டை மட்டும் மசியவில்லை. மேலே இருந்தவர்கள் பாறையை உருட்டிவிட்டே விரட்டினார்கள். அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால் முழுக்கக் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கைமாறிவிட்டது. கோட்டை தப்பித்தது, அடி வாங்கியது பேட்டை. ஆனால் தொல்லியல் துறை போர்டு கோட்டைக்குத்தான். நான் இதைச் சொன்னால் என் மகன், “உனக்கு எல்லாத்துக்கும் போர்டு வேணுமாம்மா” என்று கிண்டல் பண்ணுகிறான்.

நேதாஜி ரோடுதான் எங்களுக்குப் பெரிய வீதி. மளிகை மொத்தக் கடை, வெல்லக் கடை, பாத்திரக் கடை, அடகுக் கடை, பூக்கடை, நடுநடுவே கோயில். அதிலிருந்து இரண்டு பக்கமும் சந்துகள் பிரியும். எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒருவர் காலை ஊன்றிப் பின்னால் தள்ளித்தான் ஆக வேண்டும். ஓட்டு வீடுகள் பாதி, மாடி எடுத்த வீடுகள் பாதி. திண்ணைகளைச் சாக்கடைக்காக வெட்டி வெட்டி, இப்போது ஒரு ஆள் ஒருக்களித்து உட்காருகிற அளவுக்குத்தான் மிச்சம். அந்த ஒரு ஆள் இடத்தில்தான் சீசனில் புளி நடக்கிறது.

ஒரே சந்தில் நாலு பாஷை உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது. எனக்கு நாலிலும் இலக்கணம் தெரியாது. வசூலுக்குத் தேவையானது தெரியும். குறிப்பாக, ‘நாளைக்கு வா’ என்பதை நாலு பாஷையிலும் கேட்டுக் கேட்டு மனப்பாடம். “ரேப்பு ரா அம்மா” என்பார்கள் ஒரு வீட்டில். பக்கத்து வீட்டில் “கல் ஆவ்”. எதிர்வீட்டில் “நாளெ பா”. தமிழ் வீட்டில் மட்டும் கதவு திறக்காது, உள்ளேயிருந்து குரல் வரும்: “அவரு இன்னும் வர்ல, அப்புறமா வா.” நான் கேட்டது அவரை இல்லையே!

புளிக்கு வருகிறேன்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப் பக்கத்திலிருந்தும், தருமபுரிப் பக்கத்திலிருந்தும், எல்லை தாண்டி கர்நாடகம், ஆந்திராவிலிருந்தும் பழம் வந்து இறங்கும். ரோட்டோரப் புளிய மரங்களையும் ஏரிக்கரை மரங்களையும் வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் ஆள் விட்டு உலுக்கி, மூட்டை கட்டி மண்டிக்குக் கொண்டுவருவார். புளிய மரம் ஒரு வருஷம் கொட்டினால் அடுத்த வருஷம் அடங்கிவிடும். அதனால் விலையும் நிலையாக நிற்காது. நாலு வழிச் சாலை போட்டபோது ரோட்டோர மரங்கள் எத்தனையோ போயின. என் சின்ன வயசில் சேலம் பஸ்ஸில் போனால் ஜன்னலில் வெயிலே படாது.

மண்டியில் இறங்குகிற மூட்டை அங்கேயே நிற்பதில்லை. எடை போட்டு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். வீட்டில் ஓடு தட்டி, நார் எடுத்து, கொட்டை நீக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலி கிலோ கணக்கில். புளி தனி, கொட்டை தனி, நார் தனியாகப் போகும், கொட்டையும் காசுதான். அது அரைபட்டு நெசவாலைகளில் நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. எல்லாவற்றையும் கூட்டி எடை பார்க்கும்போது வாங்கின எடைக்கு ரொம்பக் குறைந்தால் கேள்வி வரும். வெயிலில் காய்ந்தும் எடை குறையும் என்று மண்டிக்காரருக்கும் தெரியும், அக்காக்களுக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் தராசு முன்னால் ஒரு சின்னச் சண்டை நடந்தே தீரும்.

எனக்குச் சித்தி முறையாகிற ஒரு அம்மா இருக்கிறார். அறுபதைத் தாண்டிவிட்டார். கோணிப் பையை விரித்து, கால் இரண்டையும் நீட்டி, நடுவில் ஒரு கருங்கல். வலது கையில் சின்னக் கட்டை. இடது கையால் ஒரு பழத்தை எடுத்துக் கல்லில் வைத்து ஒரே தட்டு. ஓடு நொறுங்கிப் பறக்கும், உள்ளே பழம் நசுங்காது. அந்த அளவு கைக்கு வர வருஷமாகும். காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் மூன்று நாரும் சேர்ந்து வரும். பிறகு சின்னக் கத்தியால் முதுகில் கீறி, கட்டைவிரலால் அமுக்கினால் கொட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிண்ணத்தில் விழும். கண் டிவியில் இருக்கும், பேச்சு என்னோடு இருக்கும், கை மட்டும் புளியில். ஒரு நாள் மழை தூறிவிட்டால் ஓடு நமத்துப்போய்த் தட்டினால் உடையாது, ஒட்டும். அன்றைக்குச் சித்தி வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது.

புளி கையைத் தின்னும். விரல் நுனியெல்லாம் வெந்து, தோல் உரிந்து, நகத்தைச் சுற்றிக் கறுத்துவிடும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்கள். சித்தியின் ரேகை ரேஷன் கடை மெஷினில் விழுவதில்லை. விரலை மாற்றி மாற்றி வைத்து, துடைத்து வைத்து, தலையில் தேய்த்து வைத்து, வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள். இப்போது கண்ணைப் பார்த்துப் போடுகிற கருவி வந்திருக்கிறது. “கண்ணும் புளி தெறிச்சு செவந்துதான் கெடக்கு, அதுல இன்னா தெரியுமோ” என்றார்.

எனக்குப் பணம் கொடுக்கிறபோது சித்தி நோட்டைத் தொடுவதில்லை, பிசுபிசுப்பு ஒட்டிவிடும். “இடுப்புல சுருக்குப்பை சொருகிக்கினு இருக்கேன், நீயே எடுத்துக்க” என்பார். நான் குனிந்து அவர் இடுப்பிலிருந்து பையை உருவி, ஐந்நூறை எடுத்துக் காட்டி, மறுபடி சொருகிவிட வேண்டும். பெற்ற பிள்ளைகளே தொடாத பை அது.

இந்தப் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேட்டையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆர்.டி. என்பது அறுபது மாசம். மாசம் 500 கட்டினால் அசல் 30,000, இப்போதைய 6.7 சதவீத வட்டியில் முடிவில் 35,680 ரூபாய்க்கு மேல் வரும். ஏலச்சீட்டில் இதைவிட அதிகம் வரும் என்பார்கள். வரும், சீட்டுப் பிடிக்கிறவர் ஊரில் இருந்தால். போஸ்ட் ஆபீஸ் ஓடிப்போகாது என்பதுதான் என் ஒரே விளம்பரம். ஆனால் புளி வேலை வருஷம் முழுக்க இல்லையே. மாசி, பங்குனியில் கையில் காசு புரளும், ஆடியில் கடைக்குப் போகவே யோசிப்பார்கள். ஒரு மாசம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், அது பெரிசில்லை. தொடர்ந்து நாலு மாசம் தவறினால் கணக்கே நின்றுபோகும். அப்புறம் இரண்டு மாசத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்காவிட்டால் முடிந்தது. எங்கள் பேட்டையில் புளிச் சீசன் முடிந்து அடுத்த சீசன் வரும் இடைவெளி நாலு மாசத்தைவிட நீளம்!

இதற்கு என் மாமியார் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார், நானும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மாசத் தவணையை ஒரேயடியாக முன்பணமாகக் கட்டினால், மாசம் நூறு ரூபாய்க் கணக்குக்கு மொத்தமாகப் பத்து ரூபாய் தள்ளுபடி உண்டு. பன்னிரண்டு மாசம் கட்டினால் நாற்பது. சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் யாரும் சொல்வார்கள். அதனால் பங்குனிக் கடைசியில் நான் புளி வீடுகளில் சாமி வந்தவளைப் போல நிற்பேன். இப்போதே ஆறு மாசத்தைக் கட்டு, இல்லாவிட்டால் சித்திரையில் யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவருவார்கள், மொய்யாகப் போய்விடும். திட்டுவார்கள். “உன் பணமாட்டம் கேக்கறியே” என்பார்கள். கட்டுவார்கள். ஐப்பசி வரை கணக்கு உயிரோடு இருக்கும், தீபாவளிக்குப் பிறகு ஏதாவது பண்ணி மார்கழியைத் தாண்டிவிடலாம். எங்கள் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் ஏப்ரலில் ஏன் இவ்வளவு முன்பணம் வருகிறது என்று புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் கேட்டார். “சார், புளி” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

எனக்கு இப்போது பெரிய போட்டி குழு லோன். வாரா வாரம் காலையில் பைக்கில் ஒரு பையன் வந்து, ஒரு வீட்டு நடையில் பத்துப் பதினைந்து பெண்களை உட்காரவைத்து வசூல் பண்ணுவான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதனால் ஒருத்திக்கொருத்தி முகம் பார்க்காமல் போன கதைகள் இந்தச் சந்துகளில் நிறைய உண்டு. அவனைக் குறை சொல்லவில்லை, அவனும் ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளை, டார்கெட் இருக்கிறது. ஆனால் அவன் வருகிற நாளில் நான் அந்தத் தெருவுக்குப் போவதில்லை. கடன் கட்டிவிட்டு நிமிர்கிறவளிடம் சேமிப்பு கேட்டால் அடிக்க வருவாள்.

புருஷனுக்குத் தெரியாத கணக்குகளும் என்னிடம் இருக்கின்றன. அட்டை என் வீட்டு பீரோவில்தான் தூங்கும். ஒரு அக்கா பேத்தி பேரை நாமினியாகப் போட்டு மாசம் இருநூறு கட்டுகிறார். வாசலில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தால் நான் “வெண்டைக்கா இன்னா வெல?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவேன், அக்கா கொல்லைப் பக்கமாக வந்து காசைக் கொடுப்பார். அந்த அண்ணன் என்னைக் காய்கறிப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மலையடிவாரத்துப் பக்கம் ஒரு நானிமா வீடு. “ஆவ் பேட்டா, பைட்” என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. சமோசாவுக்கு மாவு தேய்த்து, கல்லில் லேசாகச் சுட்டு, அடுக்கி, கடைகளுக்குக் கொடுப்பார். ரம்ஜான் மாசத்தில் அவர் வீட்டில் மூச்சு விட நேரமிருக்காது. அந்த மாசம் நான் சாயங்காலம் போவேன், நோன்புக் கஞ்சி ஒரு தூக்கில் எனக்கென்று இருக்கும். பதிலுக்குப் பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒப்பட்டு, அதாவது போளி, போகும். வியாழக்கிழமைகளில் மலை தர்காவுக்குப் போக நானிமாவுக்கு ஆசைதான், முட்டி விடுவதில்லை. கீழே நின்றே கையேந்திவிட்டு வருவார். மேலே போகிறவர்களில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர், குழந்தைக்கு வேண்டிக்கொண்டு படியேறுகிறவர்கள். நானிமா அவர்களிடம் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்தனுப்புவார். எனக்கு இந்த மத நல்லிணக்கப் பேச்சிலெல்லாம் சலிப்பு உண்டு. மேடை போட்டுப் பேசினால் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. பேட்டையில் நடப்பது சர்க்கரைப் பொட்டலம்தான்.

திருவிழா என்றால் இரண்டைச் சொல்ல வேண்டும். சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. காளி வேஷம் கட்டினவர்கள், அலகு குத்தினவர்கள், பம்பை உடுக்கை, தெருவே நடுங்கும். கொழுக்கட்டையும் சுண்டலும் தானியமும் சில்லறையும் கூட்டத்தின் மேல் வாரி இறைப்பார்கள்; விழுந்ததை எடுத்து வைத்தால் நல்லது என்று பெரியவர்களே முட்டி மோதுவார்கள். அது புளிச் சீசன் உச்சத்தில் வருவதால், பேட்டைப் பெண்கள் ஒரே ஒரு நாள் கையைக் கழுவிவிட்டு நிற்பது அன்றைக்குத்தான். இன்னொன்று விஜயதசமி. பேட்டைக் கோயில் சாமிகள் அலங்காரத்தோடு காந்தி சிலைப் பக்கம் ஒன்றுகூடி அணிவகுக்கும், அம்பு விடுவார்கள். மைசூருக்கு இணையாகச் செய்கிறோம் என்று பெருசுகள் சொல்வதில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனாலும் ராத்திரி முழுக்க அந்த ரோட்டில் நின்று பார்க்க வேண்டும்.

அதே நேதாஜி ரோட்டில்தான் 2023 ஜூலை 29, சனிக்கிழமை காலையில் பட்டாசுக் குடோன் வெடித்தது. பக்கத்து ஓட்டல் உட்படக் கட்டடங்கள் இடிந்தன. ஒன்பது பேர் போனார்கள். சந்துக்குள் இருந்த எங்களுக்கு முதலில் சத்தம், பிறகு மலை மேல் எழும்பின புகை. அதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் வேலையில் ஒரு மாற்றம் மட்டும் தெரிந்தது. அதற்கு முன்னால் நாமினி பேர் கேட்டால், “எனக்கு இன்னா ஆகப்போவுது, அத உடு” என்பார்கள். அந்த ஆகஸ்ட் வசூலில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. பழைய கணக்குகளுக்கும் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

பேட்டையை விட்டு ஊர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனோம். கலெக்டர் ஆபீஸ் ராமாபுரத்தில் அமைந்தது; என் லைசென்ஸைப் புதுப்பிக்க நானே பஸ் பிடித்துத்தான் போகிறேன். 2022-ல் திறந்த மருத்துவக் கல்லூரி போலுப்பள்ளியில். நெடுஞ்சாலைகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ரயில் மட்டும் வந்தபாடில்லை. என் தாத்தா சின்ன ரயிலில் திருப்பத்தூர் போன கதையைச் சொல்வார். 1905-ல் போட்ட லைன், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ரயில் வரும் என்கிறார்கள். நம்பி நம்பி, இப்போது ரயில் பேச்செடுத்தால் பேட்டையில் சிரிப்புத்தான் வரும்.

வந்தது என்று மனசாரச் சொல்வதானால் ஒகேனக்கல் தண்ணீர். 2013-ல் திட்டம் செயலுக்கு வந்தது. இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். கிராமங்களிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த பல பெண்களுக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் வாய் கொள்ளாமல் சிரிக்கின்றன.

புளி வீடுகளின் மகள்கள் இப்போது புளி தட்டுவதில்லை. விடிவதற்கு முன்னால் ஓசூர்க் கம்பெனி பஸ் வருகிறது. தலை வாரி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். செல்போன் பாகம், வண்டி பாகம் செய்கிற வேலை. சம்பளம் பேங்கில் விழுகிறது. சித்தியின் சின்ன மகளும் அதில் ஒருத்தி. அவள் கையைப் பார்த்தேன். வெள்ளையாக, நகப்பூச்சோடு இருந்தது. “நல்லாருக்குடி” என்றேன். “லைன்ல கையுறை போடணும் க்கா, நகப்பூச்சு ஞாயித்துக்கெழமைக்கு மட்டும்” என்றாள். புளியை அவள் தொடமாட்டாள், அதில் சித்திக்குப் பெருமை. மண்டிக்காரர்களுக்குத்தான் கை கிடைக்காத கவலை. கொட்டை எடுக்க மெஷின் போட்டவர்கள் இருக்கிறார்கள், இன்னும் பத்து வருஷத்தில் திண்ணையில் புளி இருக்குமா என்று கேட்டால், இருக்காது என்றுதான் நான் சொல்வேன். இருக்க வேண்டும் என்று ஆசைப்படவும் எனக்கு வாய் வரவில்லை, சித்தியின் விரலைப் பார்த்த பிறகு.

ஆனால் கம்பெனிப் பெண்களுக்கு ஆர்.டி. எதற்கு? போனிலேயே எல்லாம் கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் என் தொழிலும் புளியோடு சேர்ந்துதான் போகும். சித்தியின் மகள் மட்டும் மாசம் ஆயிரத்துக்கு ஒரு கணக்கு ஆரம்பித்திருக்கிறாள். போனில் பண்ணிக்கொள்ளேன் என்றதற்கு, “போன்ல இருந்தா அண்ணன் பாத்துருவான் க்கா” என்றாள். அந்த அட்டையும் என் பீரோவில்தான் இருக்கிறது.

புளி வாங்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாசிக் கடைசி, பங்குனியில் வாருங்கள். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும், ரசத்துக்கு அதுதான். நாள்பட நாள்படக் கறுக்கும். கறுத்தது கெட்டது இல்லை, வத்தக்குழம்புக்குப் பழம்புளிதான் சரி. குளிர்பதனக் கிடங்கில் வைத்தது நிறம் மாறாமல் இருக்கும், அதனால் நிறத்தை மட்டும் பார்த்துப் புதுசு என்று ஏமாறாதீர்கள், ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கையால் கொட்டை எடுத்த புளியில் அங்கங்கே ஒரு கொட்டை இருக்கத்தான் செய்யும். வருஷத்துக்கு வாங்குவதானால் ஒரு நாள் வெயிலில் போட்டு, கல்லுப்பு கலந்து, ஜாடியில் அமுக்கி வையுங்கள். கடை தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் மட்டும் கூப்பிடாதீர்கள், வசூலில் இருப்பேன், போனை எடுக்க மாட்டேன்.